பி தட்டாமல் எஃப் தட்டியவள்

பேராசிரியரின் புது மெயில் முகவரி என்னிடம் இல்லை. அதனால் மூன்று வாரம் எழுதிய கட்டுரையைக் கடலூரில் பஸ் ஏறும்போதே ஆய்வகத் தோழி கவிதாவுக்கு அனுப்பி, "சாருக்குத் தள்ளிவுடுடி" என்றேன்.

அவள் மவுஸையே தொடமாட்டாள். கறுப்புத் திரையில் ஓர் எழுத்தைத் தட்டினால் மெயில் பறக்கும். பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

நான் சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள், "கவிதா, பிரமாதமா எழுதியிருக்கம்மா" என்று சார் பாராட்டிவிட்டார். அனுப்பியவர் இடத்தில் அவள் பெயர்.

"பி தட்டியிருந்தா நீ அனுப்புன மெயில் அப்படியே உன் பேர்லயே போயிருக்கும்டி. பழக்கத்துல எஃப் தட்டிட்டேன், அது ஃபார்வர்டு, என் பேர்ல போயிடுச்சு" என்றாள் கவிதா.

"சார்கிட்ட சொன்னியா?"

"நீ வந்து சொல்லுவன்னு இருந்தேன்."

சொன்னேன். "அப்படியா? ரெண்டு பேருமே நல்லா பண்றீங்க" என்றார்.

ரெண்டு பேருமா? கவிதா தட்டியது ஒரே ஓர் எழுத்து. அதுவும் தப்பான எழுத்து. நீங்களே சொல்லுங்கள்.