‘வூட்டோட’ என்ற சொல்

ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. வீட்டு ஓனர் மோட்டார் போட்டதும் பொதுக்குழாயில் குடங்களை நிரப்பி, நைட் ஷிஃப்ட் முடிந்து சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த கணவருக்கு இட்லி வைத்து, அவர் படுத்த பிறகு துணிகளை அலசிப் போட்டு நிமிர்ந்தபோது, வாசலிலிருந்து நல்லெண்ணெய் வாசனை வந்தது. பக்கத்து போர்ஷன் பாக்கியம் அக்கா ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணமும் இன்னொரு கையில் நாட்டுக்கோழி முட்டைகளுமாக நின்றிருந்தார்.

“இன்னாம்மா, எங்கிட்ட கூடச் சொல்லக்கூடாதா? மூடி மறைக்கிற விஷயமா இது? எங்க கீறா பொண்ணு? பச்ச முட்டைய ஊத்தி மேல எண்ணெயக் குடுத்தாத்தான இடுப்புக்குப் பலம்!”

முந்தின நாள் மாலை கொடியில் துணி எடுக்கும்போது, “இனிமே தேனு வூட்டோடதான் அக்கா” என்று அவரிடம் சொல்லியிருந்தேன். மகள் தேன்மொழியைப் பள்ளியிலிருந்து நிறுத்தி நானே வீட்டில் பாடம் சொல்லித் தரப்போகிறேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னேன். ஆனால் எங்கள் பக்கத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண்ணை ‘வூட்டோட’ என்றால், அவள் பெரியவளாகிவிட்டாள், இனி வெளியே அனுப்பமாட்டார்கள் என்றுதான் பொருள். இது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நானும் ஏழாம் வகுப்பில்தான் ‘வூட்டோட’ ஆனேன். ஒரகடத்துக்கு உள்ளே, கம்பெனிகள் வருவதற்கு முந்தைய காலத்தில், எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் தென்னங்கீற்றுத் ‘தட்டி’ கட்டி, அதற்குப் பின்னால் என்னை உட்கார வைத்தார்கள். சடங்கெல்லாம் முடிந்து தண்ணீர் ஊற்றி உள்ளே அழைத்துக்கொண்ட பிறகும், “ஸ்கூலு தூரம், இருக்கட்டும் வூட்டோட” என்று அப்பா சொன்னதால், நான் அந்தத் தட்டியைத் தாண்டவில்லை. காலையில் என் வகுப்புப் பெண்கள் அந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போவார்கள். “எங்கம்மா அவ?” என்று யாராவது கேட்டால், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும் அம்மா தலையைத் தூக்காமலே, “அவ வூட்டோட கீறா” என்பார். அந்தக் குரல் ஏன் தாழ்ந்துபோகிறது என்று கீற்று இடுக்கு வழியாகப் பார்த்தபடி யோசிப்பேன். யாரும் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. வேளாவேளைக்கு உளுந்தங்களியும் நெய்யும் கொடுத்தார்கள். ஆனாலும் நான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாகவும், அது என்னவென்று எனக்கு மட்டும் சொல்லாமல் வைத்திருப்பதாகவும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம் வந்தபோது பெண்களின் காலடிச் சத்தம் கேட்டாலே தட்டியை விட்டு விலகி உட்காரப் பழகியிருந்தேன். அடுத்த ஜூனில், “கம்பெனில பத்தாவது பாஸ் கேக்கறானுங்களாம்” என்று எங்கேயோ கேட்டு வந்த அப்பாவே மறுபடி என்னைப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஏழாம் வகுப்பைத் திரும்பப் படித்தேன்.

தேன்மொழிக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்திலேயே நின்றுவிடும். ஏப்ரலில் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தன்று அவளை எழுப்பிப் பாட்டு ஒப்பிக்கச் சொன்னார்கள். பின் பெஞ்சில் யாரோ அவளைப் போலவே திக்கிக் காட்ட, பிள்ளைகள் சிரித்தார்கள், வந்திருந்த அம்மாக்களில் இரண்டு பேர்கூடச் சிரித்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் தேடியிருப்பாள். வீட்டில் வைத்துப் படிக்க வைப்பவர்களைப் பற்றி அன்றிலிருந்துதான் போனில் தேடிப் படித்தேன், நேர அட்டவணை போட்டேன், கணவரிடம் சொன்னேன். “உனக்குத் தெரியாததா?” என்று அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். பள்ளி திறந்து ஒரு வாரம் அவளை அனுப்பவில்லை. போகிறாயா என்று அவளை நான் கேட்கவே இல்லை.

பாக்கியம் அக்காவின் குரல் கேட்டு அவள் வெளியே வந்தாள். “வெக்கத்தப் பாரேன்!” என்று அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளினார். அவள் “இ… இ…” என்று நின்றாள். வழக்கம்போல நானே முந்திக்கொண்டு, “இல்லக்கா, அது இல்ல” என்று விஷயத்தைச் சொன்னேன்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “அடிப்பாவி, கோழிய தொரத்தி தொரத்தி முட்ட எடுத்தாந்தேன்!” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “அப்ப எதுக்கு வூட்டோட வெச்சிக்கினு கீற? இன்னா பண்ணிச்சி அது?”

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள். “நா… நான் ஒ… ஒண்ணும் பண்ணல ஆன்ட்டி.”

அக்கா முட்டைகளைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. “ஆம்லெட்டாவது போட்டுக் குடு” என்று வைத்துவிட்டுப் போனார். அன்று முழுக்க என்னால் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாடம் சொல்லித்தருவது, பாதுகாப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதெல்லாம் வேறு. அவள் பேசுவதை நாலு பேர் கேட்டுவிடக் கூடாது என்பதுதான் என் மனதில் இருந்தது. என்னைப் பெற்றவர்களுக்காவது ஊர் வழக்கம் என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருந்தது.

எங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு குடோனின் காம்பவுண்டுச் சுவர் ஓடுகிறது. தட்டி கட்டுகிறவர்கள் யாரும் அந்தப் பக்கத்தில் இல்லை. பெண்கள் நடந்துபோன வழியில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அந்தச் சொல்லை மட்டும் நான் வாடகை வீடு வரைக்கும் எடுத்து வந்திருக்கிறேன்.

மறுநாள் காலை எழுந்ததும், குடத்தைத் தொடாமல், மகளின் பாய் அருகே போய் உட்கார்ந்து அவளை எழுப்பினேன். “ஸ்கூலுக்குப் போறியா?” என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “போ…” என்று ஆரம்பித்து நின்றாள். அது போறேன் என்றும் முடியலாம், போகமாட்டேன் என்றும் முடியலாம். இத்தனை நாளும் அந்த மீதியை நான்தான் சொல்லி முடித்துக்கொண்டிருந்தேன். வெளியே மோட்டார் ஓடும் சத்தமும், குழாயடியில் குடங்கள் இடிபடும் சத்தமும் கேட்டன. “தண்ணி நிக்கப் போவுது, வாம்மா!” என்று பாக்கியம் அக்கா கத்தினார். நான் எழுந்திருக்கவில்லை. மோட்டார் நின்றது.

“போறேன்” என்றாள்.