அம்மாவுக்கான பெட்ரோல்

அப்பாவின் பழைய டர்ட் பைக்கிலிருந்து பிளாஸ்டிக் டேங்கைக் கழற்றி, டாலிகஞ்ச் வீட்டு வாசலில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பழுத்த மஞ்சள் உரிந்து வெள்ளை தெரியத் தொடங்கியபோது, எத்தனையோ வருடமாகக் காலியாகக் கிடந்த டேங்கிலிருந்து பெட்ரோல் வாசனை வந்தது.

மரைன் ஹில்லில் நாங்கள் இருந்த வீடு முழுக்க இந்த வாசனைதான். அம்மா வைத்தியத்துக்குத் தீவிலிருந்து கப்பலேறி மெயின்லேண்ட் போனபின் அப்பா வண்டியைக் கூடத்திலேயே நிறுத்தினார். பெட்ரோல் மட்டம் வெளியிலிருந்தே தெரியும் டேங்க் அது. அதில் ஆணியால் ஒரு கோடு கிழித்திருந்தார். மட்டம் கோட்டுக்கு இறங்கிவிட்டால் வண்டியைத் தொடமாட்டார். பெரார்கஞ்ச் வேலைக்கு பஸ்ஸில் போவார்.

"மிச்சம் உங்கம்மாவுக்குடா. கப்பல் ஜெட்டியிலேருந்து கூட்டிட்டு வரணுமில்ல?"

கப்பல் சங்கு ஊதினால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு ஜெட்டிக்கு ஓடுவார். ஒருமுறை கப்பலில் அம்மா வரவில்லை, இறந்த செய்திதான் வந்தது. அதன்பின் அப்பா அந்த வண்டியை எடுக்கவே இல்லை. பெட்ரோல் உள்ளேயே நின்று, தானாக வற்றிப்போனது.

இன்று ஆணிக்கோடு தேய்ந்து போய்விட்டது. மேல்பாதி வெள்ளையானது. கோடு இருந்த இடம்வரை அடிப்பாதி மட்டும் மஞ்சளாகவே இருந்தது. எதிர் ஒர்க்‌ஷாப் பெங்காலி மெக்கானிக் எட்டிப் பார்த்தார்.

"அந்தர் ஸே ஹை, பாய். உள்ளே ஊறிடுச்சு, போகாது."

அவர் போனபின் டேங்கை வெயிலில் தூக்கிப் பிடித்தேன். அம்மாவுக்கான பெட்ரோல் அதே அளவில் அப்படியே நிற்பதுபோலத் தெரிந்தது. ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை.