உஸ்ஸென்ற சத்தமும் என் வீட்டுக்காரர் காதும்

"அத்தை, நீங்க வாசிக்கது நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்னால யாரோ விடாம அப்பளம் பொரிக்க மாதிரி இருக்கு."

போனில் இதைச் சொன்னவள் என் நாத்தனார் மகள். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி அரசாங்கத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பிறவியிலேயே அவளுக்குப் பார்வை கிடையாது. பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்தால் செல்போன் வாசித்துக் காட்டும்தான். ஆனால் பழைய தமிழ்ப் புத்தகம் என்றால் அது பாதி எழுத்தை விழுங்கிவிடும். சோழரைச் சோளம் என்று வாசித்ததாம். அதனால் வரலாற்றுப் புத்தகத்தை நானே வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். விலை குறைந்த மைக் ஒன்றை ஆன்லைனில் வாங்கி லேப்டாப்பில் சொருகி, பாதிப் புத்தகத்தை வாசித்து அனுப்பிய பிறகுதான் இந்த அப்பளச் சேதி வந்தது.

ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன். உண்மைதான். என் குரலுக்குப் பின்னால் உஸ்ஸென்று ஒரே சீராக ஓர் இரைச்சல்.

அதை என் வீட்டுக்காரர் காதில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"நல்லாக் கேளுங்க."

"உன் சத்தம்தான் கேக்கு. வேற என்னத்த கேக்கணும்?"

மின்விசிறிதான் காரணம் என்று முடிவு செய்தேன். சித்திரை வெயிலில், விக்கிரமசிங்கபுரத்தில், ஓட்டு வீட்டில், விசிறியை நிறுத்திவிட்டு ஜன்னலையும் சாத்திக்கொண்டு களப்பிரர் காலத்தை வாசித்தேன். வியர்வை புத்தகத்தில் சொட்டியது. இரைச்சல் அப்படியே இருந்தது. அடுத்து ஃபிரிட்ஜை நிறுத்தினேன். திரும்பப் போட மறந்ததில் பாலும் மாவும் போனதுதான் மிச்சம். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து வாசித்தேன். அந்த நேரம் பார்த்து, நான் கணக்கு எழுதும் பால் சொசைட்டியின் நோட்டில் கையெழுத்து வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, "காய்ச்சலாக்கா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒரு நாள் மத்தியானம் ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்தது. இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா என்று பேட்டரியில் லேப்டாப்பை ஓடவிட்டுப் பதிவு செய்தேன். காக்கா சத்தம்கூட இல்லை. போட்டுக் கேட்டால், உஸ்ஸ்ஸ். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கைக் கால்வாயில் எறிந்திருப்பேன். இரைச்சலை நீக்கித் தரும் மென்பொருள் ஒன்றையும் இறக்கிப் பார்த்தேன். இரைச்சல் போனது, கூடவே என் குரலும் போய், குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி ஆகிவிட்டது.

நான் படும் பாட்டைப் பார்த்து வீட்டுக்காரரே களத்தில் இறங்கினார். அவர் மர வேலைக்காரர். சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். பலகையில் பெட்டி செய்து, உள்ளே பழைய மெத்தைப் பஞ்சை ஒட்டி, மைக்கை அதன் கடைசியில் நிறுத்தினார். பெட்டி அவ்வளவு ஆழம். நான் பெட்டியின் வாயில் குனிந்துகொண்டு வாசிக்க வேண்டும்.

"உள்ள இருக்குல்லா, சத்தம் பத்தாது," என்று மைக்கில் இருந்த திருகைக் கடைசி வரைக்கும் திருகி வைத்தார். அந்தத் திருகைக் கூட்டினால் மைக் தூரத்துச் சத்தத்தையும் இழுக்கும். முதலில் இருந்தே அதை முக்கால்வாசியில் வைத்திருந்தேன். இப்போது முழுசு. அப்பளம் போய் அருவியே கொட்டத் தொடங்கியது.

"சூப்பரா இருக்கு," என்றார் அவர் கேட்டுவிட்டு.



லீவுக்கு நாத்தனார் மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம்.

"இந்தா கேக்குல்லா மாமா, உஸ்ஸுன்னு."

"எங்கன?"

"இங்கனதான். அத்தை மூச்சு விடுற இடத்துல நல்லாக் கேக்கும்."

அவர் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். ஒலியைக் கூட்டினோம். பக்கத்தில் இருந்த எனக்கே வெளியே கேட்டது. அவர் இல்லை என்று தலையாட்டினார்.

எனக்குப் பொறுமை அறுந்தது. பெட்டிக்குள் கையை விட்டு மைக்கைப் பிடுங்கி வாயோடு சேர்த்துவைத்து, "வீட்டுல ரெண்டு பேருக்குக் கேக்கு, உங்களுக்கு மட்டும் எப்படிக் கேக்காமப் போகும்?" என்று கத்தினேன். புதிதாக ஒன்று பதிந்து பார்க்கலாம் என்று அப்போதுதான் பதிவைத் தட்டிவிட்டிருந்தேன்.

அவள்தான் அதைத் திரும்பப் போடச் சொன்னாள். கேட்டுவிட்டு, "அத்தை, நீங்க கத்துன இடத்துல காதே கிழியுது. ஆனா உஸ்ஸு அப்படியேதான் இருக்கு, கூடல," என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரைச்சல் அறையில் இல்லை, மைக்குக்குள்ளேயே இருக்கிறது. திருகைக் கூட்டக் கூட்ட அதுவும் கூடும். கிட்டே போய்ப் பேசினால் குரல் பெரிதாக விழும், திருகைக் குறைத்துக்கொள்ளலாம். திருகைக் கால்வாசிக்கு இறக்கி, மைக்கை வாய்க்கு ஒரு சாண்கூட இல்லாமல் வைத்து, மூச்சு நேராகப் படாதபடி கொஞ்சம் ஓரமாக நிறுத்தி, ஒரு பத்தி வாசித்தேன்.

"போயிட்டு அத்தை! கொஞ்சூண்டு இருக்கு, அது பரவால்ல."

இதற்கா இத்தனை நாள் வெந்து செத்தேன் என்று எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் இன்னமும் ஹெட்போனைக் கழற்றவில்லை. பழைய பதிவையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நெசமாவே கேக்குதா உங்க ரெண்டு பேருக்கும்?" என்றார் பைய.

அவளை விடுதியில் விடப் போன அன்றைக்கே பாளையங்கோட்டையில் காது டாக்டரிடம் அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து மெல்லிய சத்தங்களைப் போட்டுப் பார்த்தார்கள். கீச்சென்றும் உஸ்ஸென்றும் வரும் சத்தங்கள் அவர் காதில் விழுவதே இல்லை என்றார் டாக்டர். வருஷக்கணக்காகக் காதை மூடாமல் மரம் அறுக்கும் மெஷின் பக்கத்தில் நின்றதால் வந்ததாம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

திரும்பி வரும்போது பஸ் வீரவநல்லூரைத் தாண்டியது. அவர், "நம்ம வீட்டுல சிட்டுக்குருவி வருதுல்லா, இப்பவும் கத்துதா?" என்று கேட்டார். கத்துகிறது என்றேன்.

இப்போது பட்டறைக்குக் காது மூடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பாதி நாள் ஆணியில் தொங்குகிறது. அதற்குத் தினமும் சண்டை. நான் முதல் பாடத்திலிருந்து புத்தகத்தை மறுபடி வாசித்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நேற்றுக் களப்பிரர் முடிந்தது.