தொண்டை கட்டிய வாரம்

“உக்காந்து கேக்கறதெல்லாம் ஒரு வேலையா தாயி? நான் உப்பளத்துல நிக்கறேன், கால் வெடிக்குது. நீ நிழல்ல உக்காந்து கேக்கப் போற... உனக்கு எங்கன வலிக்கும்?”

எனக்கு வேலை கிடைத்த அன்று அய்யா கேட்டது இது. கேலி இல்லை, நிஜமான சந்தேகம். வாலிநோக்கத்தில் உப்பு வாரி என்னைப் படிக்க வைத்தவர் அவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ராமநாதபுரத்தில் வேலை என்றதும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஏதோ எழுதுவேன் என்று நினைத்திருப்பார். எனக்கோ, பெண்கள் உதவி மையத்தில் களப்பணி. பாம்பனிலிருந்து பெரியபட்டினம் வரை பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் போய், “என்ன கஷ்டம், சொல்லுங்க” என்று கேட்பதுதான் வேலை என்றேன். பாவம், குழம்பிப்போனார்.

அவர் கேள்விக்குப் பதில் போன மாதம் கிடைத்தது.

தொண்டையில் வலித்தது.

காலையில் எழுந்தால் குரலைக் காணோம். வாயைத் திறந்தால் வெறும் காற்று. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “ஒரு வாரம் பேசவே கூடாது. கிசுகிசுன்னுகூட... அது இன்னும் கெடுதல்” என்று அனுப்பிவிட்டார்.

நல்ல லீவு என்கிறீர்களா? என் போனுக்கு அது தெரியாதே! அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. சில மாதங்களாகவே அந்த ரிங்டோன் கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது. யாருக்கு என்ன ஆச்சோ, நான் என்ன சொல்லணுமோ... வேலையை விட்டுவிடலாம் என்று கிட்டத்தட்ட முடிவே செய்திருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு துணிக்கடையில் ஆள் கேட்டிருந்தார்கள். புடவைகள் அழாது பாருங்கள்!

இரண்டாம் நாள் மதியம், என் வாடகை அறை வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பெரியபட்டினம் மகளிர் குழு மொத்தமாக இறங்கியது. தலைமை — மெஹர் அக்கா. கணவர் துபாயில். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து இவரே பேசிவிடுவார்.

தொண்டை கட்டினவளைப் பார்க்க என்ன கொண்டுவந்தார்கள் தெரியுமா? ஒரு டப்பா தொதல், தேங்காய்ப்பால் அல்வா. எண்ணெயும் கருப்பட்டியும் மினுமினுக்க... நான் பார்த்து எச்சில் விழுங்கினேன். அவர்கள் எடுத்துச் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டுக்கொண்டே அறிவுரை வேறு.

“மூச்ச மெதுவா இழு, மெதுவா விடு.”

“மனசுல எதையும் போட்டு வைக்காத புள்ள.”

“உனக்குன்னு கொஞ்ச நேரம் ஒதுக்கணும்ல?”

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே... அட, எல்லாம் நான் அவர்களுக்குச் சொன்னது! நான் முறைத்ததைப் பார்த்து மெஹர் அக்கா சிரித்தார். “நாங்க அப்படிச் செஞ்சமான்னு மட்டும் கேக்காத. சொல்றதுக்கு நல்லாருக்கு.”

அதற்குள் போன் அடித்தது. நான் பாய்ந்ததைப் பார்த்ததும் அக்கா முகம் மாறியது.

“ஏம்புள்ள, கடலுக்கே முறை இருக்கு. விசைப்படகு போற அன்னைக்கு நாட்டுப்படகு போகாது. நாட்டுப்படகு போற அன்னைக்கு விசைப்படகு கரையில கெடக்கும். உனக்கு மட்டும் என்ன, ஏழு நாளும் கடலா?”

கூட வேலை பார்க்கும் செல்வியும் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள், “போனைக் குடுடி, ஒரு நாள் நான் பாக்கறேன்” என்று. கொடுத்ததில்லை. என் போன், என் ஆட்கள். திமிர் என்றும் சொல்லலாம்.

அழைத்தது ஜெசிந்தா. பெயரை மாற்றியிருக்கிறேன், அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பாம்பன் பக்கம் வீடு. அவள் கணவர் கடலில் பிடிபட்டு, அக்கரையில் சிறையிலிருந்து திரும்பியவர். வந்ததிலிருந்து சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார். ‘கடலுக்கு அனுப்பு’ என்கிறார் மாமியார். அனுப்பினால் என்ன ஆகுமோ என்று இவளுக்குப் பயம். ஒருநாள் விட்டு ஒருநாள் கூப்பிடுவாள். எடுக்காமல் விட முடியுமா?

எடுத்தேன். காற்று வந்தது. கூடவே கண்ணீரும்.

மெஹர் அக்கா போனைப் பிடுங்கினார். “யாரும்மா? இவளுக்குத் தொண்டைதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு. நீ பேசு, இவ கேப்பா. டொக்குன்னு தட்டுனா ‘ம்’னு அர்த்தம். வெளங்குச்சா?” போனை என் கையில் திணித்துவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். “எந்திரிங்கடி, வெளிய போவோம். அது அவ பேச்சு.”

தொதல் டப்பாவோடு எல்லோரும் வாசலுக்குப் போய்விட்டார்கள்.

ஜெசிந்தா பேசினாள். நான் நகத்தால் தட்டினேன். டொக். பேசினாள். டொக். நடுவில் என் நாக்கு எத்தனை முறை துடித்தது தெரியுமா? ‘டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ’, ‘மனு எழுதலாம்’, ‘மாமியார்கிட்ட நான் பேசறேன்’... ஒன்றையும் சொல்ல வழியில்லை. அவள் அழுதாள், நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா... போகச் சொல்லவா வேணாமான்னு நானே மருகிக்கிட்டு இருக்கேன். பயமா இருக்கான்னு அவருட்ட ஒரு வார்த்தை கேக்கலையேக்கா. இன்னைக்குக் கேக்கறேன்.”

டொக்.

வைக்கும்போது இன்னொன்றும் சொன்னாள். “இன்னைக்குத்தான்க்கா நீங்க நல்லாக் கேட்டீங்க.”

சுருக்கென்றது. உண்மைதானே? ரேஷன் கார்டிலிருந்து மாத்திரை அட்டை வரை ஊரில் எங்கள் தெருவில் எல்லாம் படித்துச் சொல்ல என் கைக்குத்தான் வரும். ‘அவ படிச்சவ, அவளுக்குத் தெரியும்.’ தெரியாது என்று சொன்னால் அய்யா வாரிய உப்பெல்லாம் வீண் என்று ஒரு பயம். அதனால் யார் என்ன சொன்னாலும் பதிலோடு ஓடுவேன். பதில் இல்லாத நாளில் அவர்கள் கஷ்டத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். கேட்கத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். நான் பார்த்ததோ... பேசுகிற வேலை!

இரண்டு நாள் கழித்து ஜெசிந்தா மெசேஜ் அனுப்பினாள். கணவர் வாய் திறந்து அழுதாராம். ‘பயமாத்தான் இருக்கு’ என்றாராம். இப்போதைக்குக் கரையில் வலை பின்னப் போகிறார். டாக்டரிடம் போகலாமா என்று அவளே கேட்டாளாம், அவரும் சரி என்றாராம். மாமியார் இன்னும் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்!

குரல் திரும்பியதும் முதலில் துணிக்கடைக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னேன். அடுத்து செல்வியிடம் போய், “வியாழக்கிழமை எனக்கு லீவு, போன் உன்கிட்ட” என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

முதல் வியாழன் வந்தது. வாலிநோக்கத்துக்குப் பஸ் ஏறினேன். அய்யா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். குதிகாலில் வெடிப்பு. வழக்கமாக நான் ஆரம்பிப்பேன் — ‘ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா, மருந்து போட்டீங்களா, எத்தனை தடவ சொல்றது...’ அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

இந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்தேன். “எங்கன வலிக்குது அய்யா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

காலில் ஆரம்பித்தார். பிறகு, என்னைக் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பிய அன்று, பஸ்ஸில் டிக்கெட் எடுக்கக்கூடத் தோன்றாமல் அழுதுகொண்டே வந்ததைச் சொன்னார். எனக்கு இதுவரை தெரியாது. டீ ஆறிப்போனது.

“என்னமோ இன்னைக்கு ரொம்பப் பேசிட்டேன் தாயி. ஒனக்கு அலுப்பா இருக்கும்.”

“இல்லய்யா. இதான் என் வேலை.”

லீவு நாள்... அதனால் சம்பளம் கிடையாது!