கத்திரி முடியும்வரை மூடிவைத்த குழாய்

எங்கள் வார்டு கவுன்சிலருக்குக் கோடை வந்தால்தான் குரல் வரும். மற்ற மாதங்களில் அவர், விறகு நிறுத்து விற்கிற தம்முடைய விறகுத் தொட்டியில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிற மனிதர். பங்குனி பிறந்து கிணறுகளில் தண்ணீர் கீழே போனதும் அவருக்குத் தொண்டை திறந்துகொள்ளும். கல்யாண வீடுகளுக்குப் போகிற மைக் செட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு ஜட்கா வண்டியின் கூரைமேல் ஊமத்தம்பூ மாதிரி ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் தெருத் தெருவாக வருவார். 'கோடைக்கால நிலவர அறிக்கை' என்று அதற்கு அவரே பெயர் வைத்திருந்தார்.

குதிரைக்கு மைக் சத்தம் ஆகாது. அவர் "தாய்மார்களே" என்று இழுக்கும்போதெல்லாம் அது மிரண்டு நான்கு வீடு தாண்டிப் போய் நிற்கும். ஆகையால் அறிக்கையின் தலை ஒரு வீட்டுக்கும் வால் இன்னொரு வீட்டுக்கும் கிடைக்கும். சாயங்காலம் பெண்கள் கூடி, அவரவருக்குக் கிடைத்த துண்டைச் சொல்லி ஒட்டுப்போட்டுப் பார்த்தால், முழு அறிக்கையிலும் ஒன்றும் இல்லை என்பது தெரியும்.

முதல் பொதுத்தேர்தல் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. ஓட்டுப் போட்டவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். கணக்குச் சொல்வது கஷ்டம் என்பதால் அவர் செய்தி சொன்னார். வெயிலில் அலையாதீர்கள். மோர் குடியுங்கள். குடிநீரைக் காய்ச்சிக் குடியுங்கள். இந்தக் கடைசி யோசனையைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு தனி உருக்கம் இருக்கும். காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். எங்கள் பக்கத்தில் விறகுத் தொட்டி அவருடையது ஒன்றுதான்.

நான் அப்போது ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கணவர் ரயிலில் கார்டு; செங்கல்பட்டு ஜங்ஷனில் இறங்கி வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அடுத்த வண்டிக்கு விழுப்புரம் போகிறவர். வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண் எங்களுக்கு. அவளுக்கு ஒன்பது வயதாகிவிட்டபோதும், தூங்கும்போது மூக்கின் அருகே விரலை வைத்துப் பார்க்கிற வழக்கம் எனக்கு விட்டபாடில்லை. கவுன்சிலர் சொல்லித்தான் தண்ணீரைக் காய்ச்ச வேண்டும் என்ற நிலையில் நான் இல்லை. அவர் அரசியலுக்கு வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் தண்ணீர் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் கொதித்தது கிணற்றுத் தண்ணீர். தெருக்கோடியில் ஒரே ஒரு பொதுக்கிணறு. சித்திரையில் வாளி அடியில் மோதிச் சத்தம் போடும். மேலே வருவது அரை வாளி கலங்கல். அதைத் துணியில் வடிகட்டி, தேற்றாங்கொட்டை உரசித் தெளியவைத்துக் காய்ச்சுவோம். வீட்டுக்குள் நான் காவல் இருக்கலாம். கிணற்றடியில் விளையாடிவிட்டுத் தாகம் எடுத்த குழந்தைக்கு யார் காவல் இருப்பது?

அந்த வருஷம் அறிக்கையில் ஒரு புதுமை. எங்கள் தெருவுக்குக் குழாய் வருகிறது என்றார். சிரித்தோம். அடுத்த வாரமே ஆட்கள் வந்து தெருவைத் தோண்டினார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டோம். எங்கள் வீட்டுக்கும் மளிகைக்கடை பாய் வீட்டுக்கும் நடுவே ஒரு சிமெண்டுத் தூண் எழுந்தது; அதன் நெஞ்சில் ஒரு பித்தளைக் குழாய். ஒரு காலை வேளையில் சோதித்துப் பார்க்கத் திறந்தார்கள். முதலில் காற்று இருமியது. பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம் வந்தது. பிறகு வந்ததே, அது தண்ணீர். தெருவே குடத்தோடு ஓடி வந்தது.

பாதிக் குடம் நிரம்புவதற்குள் மூடிவிட்டார்கள். தூணைச் சாக்கால் சுற்றிக் கயிறு கட்டினார்கள். யாரும் நெருங்காதிருக்க வேலிக்காத்தான் முள்ளை வெட்டி வந்து சுற்றிலும் போட்டார்கள். தெருமுனையில் பூமிக்குள் இருக்கும் வால்வைத் திறக்கிற ஆள் உயர இரும்புச் சாவி, ஜட்காவில் ஏறிக் கவுன்சிலர் வீட்டுக்குப் போயிற்று.

"இன்னா டீச்சரம்மா, நல்லா வந்துகினு இருந்த தண்ணிய ஏன் கட்டிப்பூட்டானுங்கோ?" என்று கேட்டாள் மளிகைக்கடை பாய் மனைவி. என்னைவிட மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"திறப்பு விழா வைக்கணுமாம் அக்கா."

"கொழாய்க்கா? மூஞ்ச மூடி கோஷா போட்டு வெச்சிக்கிறானுங்களே, மாப்பிள்ள யாராம்?"

மாப்பிள்ளை யார் என்பது வெள்ளிக்கிழமை தெரிந்தது. ஜட்கா வந்தது.

"தாய்மார்களே! நமது வார்டின் நெடுநாள் தாகத்தைத் தீர்க்கும் குடிநீர்க் குழாய்... ஏய், நில்றா கஸ்மாலம்... குடிநீர்க் குழாய், கத்திரி வெயில் கழிந்ததும், நமது கட்சிப் பெரியவரின் பொற்கரங்களால் திறந்துவைக்கப்படும். அக்கினி நட்சத்திரத்தில் சுபகாரியம் கூடாது என்பதைத் தாய்மார்கள் அறிவீர்கள்!"

அறிவோம். கத்திரியில் கிணறு தோண்ட மாட்டார்கள், வீடு குடிபோக மாட்டார்கள். ஆனால் கோடைக்கென்று வந்த குழாயைக் கோடையில் திறக்கக் கூடாது என்று எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது? குடையை மழை விட்டதும் விரிக்கச் சொல்வதற்கு ஒரு மைக் செட், ஒரு குதிரை. இதில் எனக்கு எரிச்சல் மூட்டியது வேறு. தெருவில் பாதிப் பேர் "அதுவும் சரிதான்" என்று தலையாட்டினார்கள். தாகத்துக்கு நாள் பார்க்கிறவர்கள் எங்கள் ஆட்கள்.

அடுத்தடுத்த அறிக்கைகள் இப்படி வந்தன: திறப்பு விழாக் கல்வெட்டு மகாபலிபுரத்தில் செதுக்கப்படுகிறது. கல்வெட்டு மாட்டு வண்டியில் புறப்பட்டுவிட்டது. கல்வெட்டு வந்து சேர்ந்தது. ஆக, தண்ணீர் வந்ததற்கு அடையாளமான கல், தண்ணீருக்கு முன்னால் வந்துவிட்டது. கல்லைத் தூணில் பதித்து அதன் முகத்துக்கும் ஒரு துணி போட்டார்கள். அருகில் போனால் முள்ளுக்குள்ளே இரண்டு கோஷாப் பெண்கள் நிற்பதுபோல இருக்கும்.

ஒருநாள் பள்ளியிலிருந்து திரும்பியபோது என் மகள் வாசற்படியில் சுருண்டு கிடந்தாள். வாந்தி. அதற்குள் பேதியும் கண்டிருந்தது. தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் அதே கதை என்று சொன்னார்கள். எனக்கு அது காதில் ஏறவில்லை. அவள் கண்கள் உள்ளே போயிருந்தன. கையைக் கிள்ளினால் தோல் மடிந்தபடியே நின்றது. மளிகைக்கடை அக்காதான் வண்டி பிடித்தாள்; அவள் மடியில் கால், என் மடியில் தலை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். பாட்டிலில் சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொட்டைத் தவிர உலகத்தில் வேறு தண்ணீர் இல்லை என்று தோன்றியது.

பிழைத்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தக் கிணத்துத் தண்ணி இனி வேணாம்மா. காய்ச்சினாலும் வேணாம். இன்னொரு தடவ வந்துதுன்னா இந்த உடம்பு தாங்காது. குழாய்த் தண்ணி கிடைக்குமில்ல?"

கிடைக்கும் என்றேன். வாசலிலேயே இருக்கிறது, சாக்கு கட்டியிருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு நேரே கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். உச்சி வெயில். அவர் கூடத்தில் நின்று வெள்ளிக்கிழமைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மைக் இல்லாததால் விசிறிக் காம்பைப் பிடித்திருந்தார். வாசலில் ஒரு பீப்பாய் வண்டி நின்றது. ஏரிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக் கிணற்றிலிருந்து அவர் வீட்டுக்கு மட்டும் வருகிற தண்ணீர்.

"வாங்க டீச்சரம்மா. கொயந்தைக்கு இப்ப எப்டி கீது?"

"தண்ணி குடுத்தா பிழைக்கும். குழாயைத் திறந்து விடுங்க."

"திறக்காம பூடுவனா? நானே சண்ட போட்டு வாங்கினது. கத்திரி முடிஞ்சிரட்டும்."

"அதுக்குள்ள அவளுக்கு மறுபடி வந்தா?"

"வராதும்மா. நல்லா காய்ச்சிக் குடுங்க. வெறவு வோணும்னா ஆளை அனுப்பறேன்."

நான் அழவில்லை. அழுதிருந்தால் அதையும் அறிக்கையில் சேர்த்திருப்பார். அப்போது உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு.

"கத்திரியாம் கத்திரி. போன கத்திரில வெறவுத் தொட்டிக்குப் புதுக் கூரை போட்டியே, அப்ப நாள் பாத்தியா? நீங்க கேளுங்க டீச்சரம்மா. அந்தப் பெரிய மனுசன் மகாபலிபுரத்துல பங்களாவுல குந்திகினு கடக் காத்து வாங்கினுகீறாரு. வெயில்ல அவரால இம்மாந்தூரம் வர முடியாதாம். இவுரு ரெண்டு தபா பஸ்ஸு ஏறிப் போயிட்டு வந்தாரு. கத்திரி ஊருக்கு இல்ல, அவுருக்கு."

"ஏய், உள்ள போ!"

அவள் உள்ளேதான் போனாள். பூஜை அறைக்கு. இரும்புச் சாவி அங்கே சாமி படங்களுக்குப் பக்கத்தில் சாத்தியிருந்தது. சாவியின் நெற்றியில் குங்குமம், கழுத்தில் வாடிய மல்லிகை. இரண்டு கையாலும் தூக்கி வந்து என் தோளில் சாய்த்தாள். "எட்த்துகினு போங்க. வெளக்கேத்தும்போதெல்லாம் தலையில இடிக்குது."

கவுன்சிலர் என்னையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார். விசிறிக் காம்பு இன்னும் வாய்க்கு நேரே இருந்தது.

தார் இளகிய ரோட்டில் அந்தச் சாவியைச் சுமந்துகொண்டு நடந்தேன். கல்யாணக் கோலத்தில் இருந்த அதைப் பார்த்து எதிரே வந்த ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தெருவில் பெண்கள் காத்திருந்தார்கள். அக்கா முள்ளை மிதித்து ஒதுக்கினாள். சாக்கை யாரோ அரிவாள்மணையால் அறுத்தார்கள். "ராகு காலம்டி" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். "உனக்கு வோணாம்னா நீ புடிக்காத" என்றாள் அக்கா. நான்கு பேர் சேர்ந்து வால்வைத் திருகினோம். முதல் குடத்தை என் வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லி எல்லோரும் வழிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. "தாய்மார்களே! வார்டு மக்களின் நலன் கருதி, மரபையும் பொருட்படுத்தாமல், குழாயை அவசர அடிப்படையில் திறந்துவிட நான் உத்தரவிட்டேன்!" குதிரை அன்றைக்கு ஏனோ அசையவில்லை. முழு அறிக்கையும் எங்களுக்கே கிடைத்தது.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் கல்வெட்டு ஒன்று செதுக்கியாகிவிட்டது. அதை என்ன செய்வது? கத்திரி கழிந்து கடற்காற்றும் போதுமென்று ஆனபின், பெரியவர் வருகிற நாள் அறிவிக்கப்பட்டது. திறந்திருக்கிற குழாயைத் திறக்க முடியாதல்லவா? ஆகவே முதல்நாளே வந்து மூடினார்கள். புதுச் சாக்கு. இந்த முறை மேலே பட்டுத்துணி. அந்த ஒரு நாள் தெரு மறுபடி கிணற்றுக்குப் போனது. நான் முன்னமேயே அண்டா நிறையப் பிடித்து மூடி, அதன்மேல் அம்மிக்குழவியை வைத்திருந்தேன்.

கவுன்சிலர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிழைத்த குழந்தைதான் பெரியவர் கையால் முதல் தம்ளரை வாங்கிக் குடிக்க வேண்டுமாம். போட்டோ எடுப்பார்களாம். வேண்டாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். மகள் புதுப் பாவாடை கிடைக்குமா என்று கேட்டாள். நோயிலிருந்து எழுந்தபின் அவள் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் பொருள் அது. சம்மதித்துவிட்டேன்.

பந்தல், மாலை, மைக். பெரியவர் நாடாவைக் கத்தரித்தார், குழாயைத் திருகினார். நாங்கள் குடித்துப் பழகிய தண்ணீர் புதிதாக வந்தது. கைதட்டினார்கள். வெள்ளித் தம்ளரில் பிடித்து மகளிடம் நீட்டினார். வளையல்கள் முழங்கை வரை சரிய, அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாயருகே கொண்டுபோனாள். நிறுத்தினாள். அண்ணாந்து அவரைப் பார்த்து, வீட்டில் என்னிடம் கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

"காய்ச்சினதா?"

மைக் பக்கத்திலேயே இருந்தது. ஊமத்தம்பூ ஒலிபெருக்கி அதைத் தெருக்கோடிக் கிணறு வரைக்கும் சொல்லிற்று. பெரியவர் கவுன்சிலரைப் பார்த்தார். கவுன்சிலர் என்னைப் பார்த்தார். எல்லோருக்கும் முன்னால் சிரித்தவள் அக்கா. அதற்குப்பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. "கேக்குதில்ல கொயந்த, பதில் சொல்லுங்க நைனா!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். தம்ளரைத் திரும்ப வாங்கிய பெரியவர் தாமே குடித்துக் காட்டுவார் என்று காத்திருந்தோம். மேஜைமேல் வைத்துவிட்டார். அவருக்கென்று கொண்டுவந்திருந்த கோலி சோடாவை யாரோ படாரென்று உடைத்துக் கொடுத்தார்கள்.

கூட்டத்தோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மேடைக்குப் போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். ஒன்பது வயதுப் பெண் இடுப்பில் கனமே இல்லை. அந்தக் கனமின்மைதான் அன்றிலிருந்து என் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அவள் பிறகு நன்றாகத் தேறிவிட்டாள். ஓடினாள், எதிர்த்துப் பேசினாள். ஆனாலும் இன்றைக்கும் தூரத்தில் மைக் செட் சத்தம் கேட்டால், கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, என் கால் தானாக அடுக்களைக்குப் போய்விடுகிறது.

அன்றும் அவளை இறக்கிவிட்டதும் தண்ணீர் காய்ச்ச அடுப்பைத்தான் மூட்டினேன். விழா நினைவாக வீட்டுக்கு ஒரு கட்டு விறகு கவுன்சிலர் அனுப்பியிருந்தார். பச்சை விறகு. ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரிந்தது.