ஊசி மாற்றும் நேரம்

ஊரில் இரண்டு பேர் சந்தித்தால் 'என்ன குழம்பு?' என்று கேட்டுக்கொள்வார்கள். எங்கள் அய்யாவும் அவருடைய கூட்டாளிகளும் 'என்ன பிளேட்டு?' என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். அந்த வாரம் வீட்டுக் கிராமபோனில் எந்த இசைத்தட்டு சுழல்கிறது என்று அதற்கு அர்த்தம். குழம்பைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. அது தானாக வந்துவிடும் என்று நினைத்தார்கள்.

அய்யாவுக்கு உச்சிப்புளி ஸ்டேஷனில் வேலை. கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார். மற்றவர் புதுமடத்திலிருந்து வரும் மரைக்காயர் மாமா. சங்கு வியாபாரம், கொழும்புக்குப் போய்வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூவரும் எங்கள் வீட்டில் கூடுவார்கள். அந்த வாரம் தன்னைப் பிடித்து ஆட்டிய பிளேட்டை ஆளுக்கொன்றாகக் கொண்டுவர வேண்டும், போட்டுக் காட்ட வேண்டும், எந்த இடத்தில் சொக்கிப்போனார் என்று சொல்லவும் வேண்டும். டிரில் வாத்தியார் நாதஸ்வரத்தைத் தவிர வேறு எதையும் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. மரைக்காயர் மாமாவுக்குக் குரல்தான் முக்கியம். ஒரு குழைவுக்காக ஒரு பிளேட்டையே வாங்கிவருவார்.

கிராமபோன் பெட்டியைத் தொடும் உரிமை அக்காவுக்கு மட்டும்தான். அய்யா சாவி கொடுத்து ஒருமுறை ஸ்பிரிங்கை அறுத்த பிறகு அம்மா போட்ட சட்டம் அது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் ஊசி ஒரே வாரத்தில் துருப்பிடித்துவிடும். அக்கா தேங்காயெண்ணெய் துணியில் சுற்றி, பவுடர் டப்பாவில் ஊசிகளை வைத்திருப்பாள். அவள் கை பட்டால் முள் பிளேட்டில் இறங்குகிற சத்தமே கேட்காது. மதுரைக்கு இந்தப் பக்கம் அப்படி ஒரு கை கிடையாது என்று நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். மதுரையை நான் பார்த்ததில்லை.

மரைக்காயர் மாமா கொண்டுவந்தவற்றில் ஒன்று வள்ளி கதைப் பாட்டு. தினைப்புனத்துக்குக் கிழவனாக வந்த முருகன் தேனும் தினைமாவும் வாங்கித் தின்றுவிட்டு, விக்கல் வந்து தண்ணீர் கேட்பான். வள்ளி செம்பைத் தூக்குவாள். அத்தோடு முன்பக்கம் முடிந்துவிடும். பிளேட்டைத் திருப்பி, ஊசி மாற்றி, சாவி கொடுத்து, மறுபடி முள்ளை இறக்கினால்தான் வள்ளி தண்ணீர் வார்ப்பாள். அதுவரை முருகன் விக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அந்த வருஷம் அக்காவுக்கு வரன் பார்த்தார்கள். முதலில் வந்தது பரமக்குடிப் பக்கம், நிலபுலன் உள்ள குடும்பம். 'பாட்டெல்லாம் கூத்தாடிகளுக்குத்தான், குடும்பப் பெண்களுக்கு எதுக்கு' என்று அந்த வீட்டுப் பெரியவர் சொன்னதாகக் கேள்விப்பட்டு, அய்யா பதில் சொல்லாமலே விட்டுவிட்டார். அம்மா பத்து நாள் அவரோடு பேசவில்லை. இரண்டாவது திருவாடானைப் பக்கத்து விவசாயக் குடும்பம். அந்த வீட்டிலும் பெட்டி உண்டு, அலமாரி நிறையப் பிளேட்டு உண்டு என்று தரகர் சொன்னார். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணத்தை நடத்துகிற தொழில் அவருக்கு. அதில் இது எத்தனையாவது என்று யாருக்கும் தெரியாது. இதுவும் தட்டிப்போனால் அடுத்து யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள் என்று அம்மா அய்யாவை எச்சரித்து வைத்திருந்தாள்.

அக்கா அய்யாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவுக வீட்ல பெட்டி நெசமாவே இருக்காய்யா?"

"தரகர் சொல்றாரும்மா" என்றார் அய்யா. அவருக்கே அது போதுமான பதிலாகப் படவில்லை. அக்கா உள்ளே போய், சுத்தமாக இருந்த பெட்டியை மறுபடி துடைத்தாள்.

பெண் பார்க்க அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையே வந்தார்கள். மாப்பிள்ளையும் வந்திருந்தார். தலையைக் குனிந்து பாய்க்கோரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். கூட்டாளிகள் இருவரும் அய்யாவுக்கு இருபுறமும் காவல் தெய்வங்களாக உட்கார்ந்திருந்தார்கள். கேசரி ஆயிற்று, காப்பி ஆயிற்று. பெண் பாடுவாளாமே என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். அக்கா வள்ளி பாட்டை எடுத்தாள்.

எனக்குப் பெருமை நெஞ்சில் அடங்கவில்லை. பிளேட்டில் பாடியவரே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. தேன் வந்தது, தினைமாவு வந்தது, விக்கல் வந்தது. வள்ளி செம்பைத் தூக்கினாள்.

அக்கா நிறுத்திவிட்டாள்.

அக்கா குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். அடுக்களை வாசலில் நின்ற அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சாய்ந்து, "பிள்ளைக்கு மறதி உண்டோ?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது. அய்யா எதையோ விளக்க வாயெடுத்தார். மரைக்காயர் மாமா அவர் தொடையை அழுத்திப் பிடித்தார். வெற்றிலைப் பெட்டி கேட்கிறார் போலும் என்று நினைத்து நான் அதை எடுத்து நீட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையில் அங்கே கவலைப்படாமல் இருந்தது நான் ஒருத்திதான். இப்போது திருப்புகிறாள், இப்போது ஊசி மாற்றுகிறாள், இப்போது சாவி கொடுக்கிறாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிளேட்டை அப்படியே, நிற்கிற இடத்தோடு பாடுகிற அக்கா வேறு யாருக்கு உண்டு? பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு பெருமையோடு எல்லோர் முகத்தையும் பார்த்தேன்.

அப்போது மாப்பிள்ளை தலையை நிமிர்த்தினார். யாரிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னார்.

"பிளேட்டத் திருப்பிப் போட்டாச்சு. பாடச் சொல்லுங்க."

அக்கா அன்றைக்கு முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பின்பக்கத்தை எடுத்தாள். அதுபோல அவள் பாடி அதற்கு முன் நான் கேட்டதில்லை. முருகனுக்கு விக்கல் தீர்ந்தபோது டிரில் வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாதஸ்வரமே இல்லாத பாட்டுக்கு அவர் அழுதது அதுதான் முதல் தடவை.

"அதென்ன நடுவுல ஒரு நிப்பு?" என்று மாப்பிள்ளையின் அம்மா விடவில்லை. மகன் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் முகம் மெல்ல மலர்ந்தது.

"அட, ஆமா. அந்த எடத்துலதான் இவன் ஊசி மாத்துவான். நான் எந்திரிச்சுப் போயி அடுப்பப் பாத்துட்டு வருவேன்."

அம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள். வெற்றிலை பாக்கு மாற்றி, நாள் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். மரைக்காயர் மாமா போகும்போது அக்காவிடம் அந்தப் பிளேட்டு இனி அவளுக்கே என்றார். அய்யா வாசலில் நின்று, தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் செய்தி சொன்னார். ஸ்டேஷனுக்கு வந்த ரயிலில் இருந்தவர்களுக்கும் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் அக்கா பிளேட்டு நிற்கிற இடத்தில் தானும் நிற்பாள், அவ்வளவு அச்சு என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கல்யாணம் முடிந்து அவள் திருவாடானைக்குப் போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்பெல்லாம் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் துணி அலசும்போது அக்கா அதே பாட்டைப் பாடிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் நின்று வாளியில் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவள் நான்தான். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மூச்சாக ஓடும். அங்கே ஒருநாள்கூட அவள் நடுவில் நின்றதில்லை. அன்று கூடத்தில் மட்டும் எதைத் தெரிந்துகொள்ள நின்றாள் என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று.