பாலாவியில் டிரைவர் மாற்றம்

அந்த வருடம் எனக்கும் மச்சானுக்கும் ஜி.டி. கார்ப் பந்தயப் பைத்தியம் பிடித்திருந்தது. ஒவ்வொரு சுற்றும் ஒவ்வொரு நாட்டில், மணிக்கணக்காக ஓடும். ஒரே காரை இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். நடுவில் நிறுத்தி, டிரைவர் மாறி, டயர் மாற்றி, கண் மூடித் திறப்பதற்குள் பறந்துவிடுவார்கள். நாங்கள் ஒரு சிவப்புக் காரின் கட்சி. கடைசிச் சுற்றில் வென்றால் சம்பியன்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு என் அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா, மக்காவுக்கு உம்ரா செய்யப் புறப்பட்டாள். மச்சானின் மனைவி அவள்தான். குறிஞ்சிப்பிட்டியிலிருந்து விமான நிலையத்துக்கு எங்கள் வேனில் போனோம். ஏறும்போதே சொல்லிவிட்டாள், ஓதி முடிக்க நிறைய இருக்கிறது, யாரும் கதை கொடுக்கக் கூடாதென்று. அதற்குள் மச்சான் மக்காவில் வேண்டும்போது சிவப்புக் காருக்கும் ஒரு துஆ கேட்கச் சொல்லிவைத்தார்.

பாலாவி பெற்றோல் ஷெட்டில் எங்கள் டிரைவர் மாற்றம். நான் இறங்க, மச்சான் பாய்ந்து ஏறினார். நான் கண்ணாடி துடைத்து, டயரை உதைத்துப் பார்த்து, ஓடி வந்து ஏறினேன். இவ்வளவு விரைவாக நாங்கள் எதையும் செய்ததில்லை. அந்தப் பெருமையைச் சிலாபம் வரை பேசினோம். பின்னால் சத்தமே இல்லை. ஓதுகிறாள் என்றிருந்தோம்.

சிலாபத்தில் பிளேன்டீ வாங்கி ராத்தாவிடம் நீட்டினால், சீற்றில் அவளுடைய கைப்பை மட்டும் இருந்தது. போனும் பாஸ்போர்ட்டும் அதற்குள். பாலாவியில் கை கால் முகம் கழுவி வுழூ செய்ய இறங்கியவள், ஒழுங்காகக் கதவையும் சாத்திவிட்டுப் போயிருக்கிறாள். திரும்பிப் போய் வந்தால் விமானம் போய்விடும். எத்தனை வருட ஆசை அவளுக்கு.

மச்சான் வேனைத் திருப்பும்போது ஓர் உப்பு லொறி ஹோன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. முன் சீற்றிலிருந்து ராத்தா இறங்கினாள். கறுப்பு அபாயாவில் உப்பு ஒட்டியிருந்தது. வேனில் ஏறி, விட்ட இடத்திலிருந்து ஓதத் தொடங்கினாள்.

விமான நிலைய வாசலில் மச்சான் மெதுவாகத் துஆவை ஞாபகப்படுத்தினார்.

"கேக்குறன்," என்றாள் ராத்தா. "முதல்ல அந்த லொறிக்காரத் தம்பிக்கு. நேரம் மிஞ்சினா உங்களுக்கு."

கடைசிச் சுற்றில் சிவப்புக் கார் டயர் மாற்றிப் புறப்பட்டது. டயரோடு ஒரு சில்லு கழன்று, காரை முந்திக்கொண்டு தனியாக ஓடியது.

மச்சான் டிவியை நிறுத்தினார். "அவவுக்கு நேரம் மிஞ்சல்ல," என்றார்.